பன்னிரண்டு மீற்றர் இறக்கம்

கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தேயிலையையும் ரயில் நிலையத்தையும் விட்டால் இந்த ஊருக்கு இன்னொரு அடையாளம் உண்டு: எரிபொருள் களஞ்சியம். கொலன்னாவையிலிருந்து எண்ணெய்த் தாங்கிகளை இழுத்துக்கொண்டு ரயில் இங்கே ஏறி வரும். இங்கிருந்து பவுசர்கள் சுற்றுவட்டாரத்துப் பெற்றோல் செட்டுகளுக்குப் பிரித்துக் கொண்டுபோகும். மலையில் ஒரு லீற்றர் பெற்றோல் எரிவதற்கு முன்பே அதை மலைக்கு ஏற்றுவதற்கென்று கொஞ்சம் டீசல் எரிந்து முடிந்திருக்கிறது. சிக்கனம் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அந்த எரிபொருள் எதில் எரிகிறது? ஊர் வழியே நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியோரம் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். ஆட்டோக்கள், லேலண்ட் பஸ்கள், கொழுந்து ஏற்றிய லொறிகள். கார்கள் என்று பார்த்தால் கண்ணில் அதிகம் படுவது சின்னப் பெட்டி மாதிரியான ஜப்பான் வண்டிகள்: வாகன் ஆர், ஆல்டோ. அவற்றுக்கிடையே அக்வா, வெசல், பிட். இவற்றில் ஒன்றுகூட மலைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சட்டத்துக்காகச் செய்யப்பட்டது. 660 சீசீ என்ற அளவு ஜப்பானியச் சட்டத்தில் இருக்கிறது. ஹைபிரிட் பட்டரியின் பருமனுக்குப் பின்னால் டோக்கியோவின் ஒரு சோதனை முறை இருக்கிறது. அந்த வண்டி வேறெங்கும் போகாமல் இங்கே வந்து சேர்ந்ததற்குக் கொழும்பில் அச்சான வர்த்தமானி காரணம். ஒரு கார் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் ஓடியே ஆகவேண்டும் என்று உற்பத்தியாளர்களைக் கட்டிப்போடும் நியமம் இலங்கையில் கிடையாது. பிறருடைய நியமங்களைத்தான் நாம் பழைய வண்டிகளின் உருவத்தில் இறக்குமதி செய்து வந்திருக்கிறோம்.

எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் போடும் யோசனை 1973 எண்ணெய் நெருக்கடியில் பிறந்தது. 1975 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு நிறுவனமும் ஓராண்டில் விற்கும் கார்களின் சராசரிச் சிக்கனம் 1978இல் கலனுக்கு 18 மைலாக இருக்கவேண்டும், 1985க்குள் 27.5 மைலுக்கு உயரவேண்டும் என்றது அது. நம் கணக்கில் லீற்றருக்கு ஏழரைக் கிலோமீற்றரிலிருந்து பதினொன்றே முக்காலுக்கு. எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு அதைச் சாதிக்கவேண்டும் என்று சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது நிறுவனத்தின் தலைவலி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்று, 20 ஓடும் கார் ஒன்று. சராசரி 15 என்று யாரும் சொல்வார்கள். இரண்டும் நூறு நூறு கிலோமீற்றர் ஓடட்டும். முதல் கார் 10 லீற்றர் குடிக்கும், இரண்டாவது 5. மொத்தம் 200 கிலோமீற்றருக்கு 15 லீற்றர், அதாவது லீற்றருக்கு 13.3. கணிதத்தில் இதற்கு இசைச் சராசரி என்று பெயர். அமெரிக்கச் சட்டமும் இப்படித்தான் கணக்கிடுகிறது. இதன் விளைவு என்ன? ஏற்கெனவே சிக்கனமான காரை இன்னும் சிக்கனமாக்குவதில் நிறுவனத்துக்குப் பெரிய லாபமில்லை. 20 ஓடும் காரை 25க்கு உயர்த்தினால் நூறு கிலோமீற்றருக்கு மிச்சம் ஒரு லீற்றர். 10 ஓடும் காரை 12.5க்கு உயர்த்தினால் மிச்சம் இரண்டு லீற்றர். பெரிய தீனிக்காரனிடம் போய்க் கைவை என்று சூத்திரமே பொறியியலாளரின் காதில் ஓதுகிறது.

அவர்களும் கை வைத்தார்கள். கார்கள் எடை குறைந்தன, முன்சக்கர இயக்கத்துக்கு மாறின, கார்ப்புரேட்டரின் இடத்துக்கு எரிபொருள் ஊசி வந்தது. பிறகு 1985க்கு அப்பால் அந்த இலக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு உயராமல் கிடந்தது. தொழில்நுட்பம் அசையாமல் இருக்கவில்லை. கிறிஸ்டோபர் நிட்டல் என்ற பொருளியலாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப் பார்த்தது. 1980இன் எடையும் குதிரைவலுவும் அப்படியே இருந்திருந்தால் 2006க்குள் அமெரிக்கக் கார்களின் சிக்கனம் ஏறத்தாழ 60 சதவீதம் கூடியிருக்கும். உண்மையில் கூடியது 15 சதவீதம் அளவில்தான். மீதியெல்லாம் வலுவாகவும் எடையாகவும் செலவாகிவிட்டது. நல்ல என்ஜினைக் கையில் கொடுத்தால் அதைச் சிக்கனத்துக்குச் செலவிடுவதா வேகத்துக்குச் செலவிடுவதா என்பதைப் பெரும்பாலும் சட்டம்தான் தீர்மானிக்கிறது. சட்டம் தூங்கினால் சந்தை வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். போதாக்குறைக்கு, லொறி வகை வாகனங்களுக்குத் தளர்வான இலக்கு வைத்தார்கள். லொறி என்ற வரையறைக்குள் நுழையும் குடும்ப வண்டிகள் உடனே பெருகின.

இனி ஜப்பான். நம் வீதிக் கார்களின் தாய்வீடு அதுதான்.

அங்கே கெய் என்றொரு வகுப்பு 1949 முதல் இருக்கிறது. போருக்குப் பிந்திய ஏழ்மையில் மக்களுக்குக் கட்டுப்படியாகும் சிறிய வண்டிக்கு வரிச்சலுகை கொடுத்து, அதன் அளவுக்கு எல்லை வகுத்தார்கள். 360 சீசீ என்று நெடுங்காலம் இருந்த எல்லை 1976இல் 550 ஆனது, 1990இல் 660 ஆனது. நீளத்துக்கும் அகலத்துக்கும் முதலிலிருந்தே எல்லை உண்டு; 1998இலிருந்து நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர். 64 குதிரைவலுவைத் தாண்டுவதில்லை என்று நிறுவனங்கள் தாங்களாகவே ஓர் உடன்பாட்டைக் காத்து வருகின்றன. நீளத்தையும் அகலத்தையும் இப்படி அடைத்துவிட்டால் வண்டி எந்தப் பக்கம் வளரும்? மேல்பக்கம்தான். 1993இல் சுசுகி கொண்டுவந்த வாகன் ஆர் தொப்பி போட்ட ஆளும் உட்காரக்கூடிய உயரத்தோடு வந்தது. காரை வாங்கும் நம்மவர்கள் மெச்சும் அந்த உள்ளிட வசதி, சட்டப் புத்தகத்தின் இரண்டு எண்கள் பெற்ற பிள்ளை.

கெய் எல்லை காரின் உடம்பை வரையறுத்தது. காரின் குடியை வரையறுத்தது வேறொரு திட்டம். 1998இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, மறு ஆண்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். டொப் ரன்னர் என்று பெயர். ஒரு வகுப்பில் இன்று யாருடைய கார் முதலிடத்தில் ஓடுகிறதோ, குறித்த ஆண்டுக்குள் அந்த வகுப்பின் எல்லாக் கார்களும் சராசரியாக அந்த அளவைத் தொடவேண்டும். அரசாங்கம் எட்டமுடியாத கனவைச் சொல்லவில்லை. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒரு காரைக் காட்டி ‘இவரால் முடியும்போது உங்களால் ஏன் முடியாது’ என்று கேட்டது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆனால் வகுப்புகளை எடைவாரியாகப் பிரித்தார்கள், அதுவும் படிப்படியாக. கனமான வகுப்புக்குத் தளர்வான இலக்கு. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் விளைவை விளக்கவே தேவையில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கோடு போட்டு, கோட்டைத் தொட்டால் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர் என்றால், தராசுக்கு வரும் கூடைகளில் மிகப் பல கோட்டைச் சற்றே தாண்டித்தான் நிற்கும். கார்களும் அப்படியே நின்றன. கோய்ச்சிரோ இட்டோ, ஜேம்ஸ் சாலி என்ற இரு பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஜப்பானியக் கார்களின் எடையை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு படிக்கும் சற்று அப்பால் கார்கள் குவிந்து கிடந்தன. சந்தையில் பத்தில் ஒரு கார் விதிக்காகவே எடை ஏற்றப்பட்டது என்பது அவர்கள் மதிப்பீடு. ஏறிய எடை சராசரியாக 110 கிலோ. எரிபொருளை மிச்சப்படுத்த வந்த விதி, ஒரு பகுதிக் கார்களில் இரண்டு ஆட்களின் பாரத்தை நிரந்தரமாக ஏற்றிவைத்தது. கனமான கார் மோதினால் எதிரே வருபவருக்கு ஆபத்து கூடுதல் என்பது தனிக்கதை.

கெய் கார்களில் வேறொரு ஓட்டமும் நடந்தது. சுசுகியும் டைஹட்சுவும் ஒரு கிலோமீற்றர், அரைக் கிலோமீற்றர் என்று ஒருவரையொருவர் முந்தினார்கள். 2011இல் டைஹட்சுவின் மீரா ஈ:எஸ் லீற்றருக்கு 30.0 கிலோமீற்றர் என்று வந்தது. சில மாதங்களில் சுசுகி ஆல்டோ ஈகோ 30.2 என்றது. 2014 டிசம்பரில் வந்த புதிய ஆல்டோ 37.0. அதன் வெற்றெடை 600 கிலோவைச் சற்றே தாண்டியது. வாகன் ஆர் காரில் 2012இல் பிரேக் ஆற்றலைச் சேமிக்கும் ஈனி சார்ஜ் வந்தது, 2014இல் அதன் ஹைபிரிட் வடிவமான எஸ்-ஈனி சார்ஜ் வந்தது. இன்று நம் விற்பனை விளம்பரங்களில் எஃப்எக்ஸ், எஃப்இசட் என்று காணும் எழுத்துகள் அந்தப் போட்டிக் காலத்து மிச்சங்கள்.

போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு 2016 சாட்சி. அந்த ஏப்ரலில் மிட்சுபிஷி 6,25,000 கெய் கார்களின் சிக்கனத் தரவுகளைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது; அவற்றில் பெரும்பகுதி நிசான் பெயரில் விற்றவை. மே மாதத்தில் சுசுகியும் விதிப்படியான முறையில் சோதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்கள் சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை. காரை வேகமாக ஓட்டிவிட்டு, கியரை விடுவித்து, தானாக எப்படி வேகம் குறைகிறது என்று வெளியில் அளக்கவேண்டும். அவர்களுடைய சோதனைத் தளம் கடலுக்கு அருகே மேட்டில் இருந்ததால் காற்று பலமாக அடித்து அளவு தடுமாறியதாம். ஆகவே பாகம் பாகமாக உள்ளே அளந்து கூட்டிக்கொண்டார்கள். மேடும் காற்றும் சோதனைக்கு ஒத்துவராது. கொட்டகலை வாசகர் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஏனென்றால் இனி வருவது அந்தச் சோதனை. இந்தக் கார்கள் பிறந்த காலத்தில் ஜப்பான் பயன்படுத்திய முறைக்கு ஜேசி08 என்று பெயர். கார் உருளைகளின்மேல் நிற்கும். சக்கரம் சுழலும், கார் நகராது. 1,204 வினாடிகளில் 8.17 கிலோமீற்றர். சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர். அந்த இருபது நிமிடத்தில் ஏறக்குறைய முப்பது சதவீத நேரம் கார் சிவப்பு விளக்கில் நிற்பதாகப் பாவனை. டோக்கியோவின் நெரிசலுக்கு நியாயமான படம்தான். ஏற்றமும் இறக்கமும் மட்டும் அதில் இல்லை.

சோதனை எதைப் பார்க்கிறதோ அதற்குத்தான் பொறியியலாளர் பணம் செலவழிப்பார். மூன்றில் ஒரு பங்கு நேரம் கார் நிற்கிறதா? நிற்கும்போது என்ஜினை அணைக்கும் கருவியைப் போடு. ஈனி சார்ஜ் கார்களில் வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே வந்தவுடனே என்ஜின் அணைந்துவிடும், நிற்கும்வரைகூடக் காத்திருக்காது. அடிக்கடி பிரேக் பிடிக்கிறதா? அந்த நேரத்தில் மட்டும் மின்பிறப்பாக்கியை ஓட்டிச் சிறிய லித்தியம் பட்டரியில் சேமி. எஸ்-ஈனி சார்ஜில் இருப்பது 12 வோல்ட், 3 அம்பியர்-மணி பட்டரி. பெருக்கினால் 36 வோட்-மணி, ஏறத்தாழ 1,30,000 ஜூல்.

இந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொள்வோம். ஆட்களோடு 1,100 கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நின்றால் வெளிப்படும் ஆற்றல் 68,000 ஜூல் அளவில். பட்டரியின் பாதி. அடுத்த பச்சை விளக்கில் அது திரும்பச் செலவாகிவிடும். நின்று நின்று போகும் சோதனைக்கு இதைவிடப் பெரிய பட்டரி வீண் எடை, வீண் விலை. அளவெடுத்துத் தைத்த சட்டை.

இப்போது அதே காரை ஏ7 வீதியில் விடுவோம். கொட்டகலை 1,240 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் சுமார் 630 மீற்றர் உயரம். 1,100 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 68 இலட்சம் ஜூல் வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 320 இலட்சம் ஜூல் இருக்கிறது. அதில் சக்கரத்துக்கு வந்து சேர்வது கால்வாசி என்று வைத்தால் 80 இலட்சம். ஆக, வழியில் உருளவும் காற்றைக் கிழிக்கவும் ஆகும் செலவை விட்டுவிட்டு, ஏறுவதற்கென்றே முக்கால் லீற்றருக்கு மேல் போகிறது. சம தரையில் இருபது ஓடும் கார் இந்த ஏற்றத்தில் பதின்மூன்று, பதினான்கு காட்டினால் என்ஜினில் கோளாறு என்று கராஜுக்கு ஓடவேண்டியதில்லை.

திரும்பி வரும்போது அந்த ஆற்றல் கிடைக்கவேண்டுமே? ஒரு பங்கு கிடைக்கிறது: இறக்கத்தில் பெற்றோல் குடிக்காமல் உருண்டு வருகிறோம். செங்குத்தான இடங்களில் மிஞ்சும் ஆற்றலைத்தான் எங்கேயாவது கொட்டியாகவேண்டும். அந்த 36 வோட்-மணிப் பட்டரி எவ்வளவு இறக்கத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். 1,100 கிலோ கார் 12 மீற்றர் கீழே இறங்கினால் போதும், பட்டரி நிறைந்துவிடும். பன்னிரண்டு மீற்றர். நானுஓயாப் பக்கத்து வளைவு ஒன்றைத் தாண்டுவதற்குள் ஹைபிரிட்டின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வழமையான கார்தான், பிரேக் கருகும் மணத்தோடு.

முழு ஹைபிரிட்டான அக்வாவுக்கு நிலைமை மேல். அதன் பட்டரி 0.9 கிலோவோட்-மணிக்குச் சற்று மேலே. ஆயுளைக் காக்க அதன் கணினி நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்த விடுவதால் கைக்கு வருவது அதில் பாதிக்கும் குறைவு. 1,350 கிலோ நிறைக்கு அது நூறு மீற்றர் இறக்கத்தைக் கொள்ளும். அதற்குமேல் மிஞ்சினால் வண்டி என்ஜினை எரிபொருளில்லாமல் சுழற்றி வேகத்தைத் தடுக்கும். நீண்ட இறக்கத்தில் அக்வா திடீரென்று உறுமுவதைக் கேட்டுப் பயப்படும் புதுச் சாரதிகள் உண்டு. பட்டரி நிறைந்துவிட்டது, கொட்ட இடமில்லை, வேறொன்றுமில்லை. ‘பி’ நிலைக்குக் கியரை மாற்றினால் அதே வேலையை முன்கூட்டியே, இன்னும் பலமாகச் செய்யும். அதற்காகத்தான் அந்த எழுத்து அங்கே இருக்கிறது.

உயரம் வேறொரு விதத்திலும் விளையாடுகிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்காற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் ஈடாகும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கே 660 சீசீ என்ஜின் உள்ளிழுக்கும் காற்று கொழும்பில் 550 சீசீ என்ஜின் இழுப்பதற்குச் சமம். 1976இன் கெய் கார்! டர்போ பூட்டிய வண்டிகள் இந்தக் குறையைக் காற்றை அமுக்கிச் சமாளித்துவிடும்.

டர்போ என்றதும் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த விதி எரிபொருளை நேரடியாக அளக்காமல் புகையை அளந்தது. நிறுவனத்தின் சராசரிக் கார் கிலோமீற்றருக்கு 130 கிராம் காபனீரொட்சைட்டைத் தாண்டக்கூடாது, பின்னர் 95 கிராமைத் தாண்டக்கூடாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட் வரும் என்பதால், 95 கிராம் என்பது லீற்றருக்கு 24 கிலோமீற்றர். தாண்டினால் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ தண்டம். ஆண்டுக்குப் பத்து இலட்சம் கார் விற்கும் நிறுவனம் ஐந்து கிராம் தவறினால் 47.5 கோடி யூரோ.

இந்த அச்சுறுத்தலில்தான் ஒரு லீற்றர் டர்போ என்ஜின்கள் பெருகின. பெரிய என்ஜினை மெதுவாக ஓட்டும்போது காற்று வரும் வழி பாதி மூடியே இருக்கும். அந்த அடைப்புக்கு எதிராக மூச்சிழுப்பதிலேயே பெற்றோல் வீணாகும். சிறிய என்ஜினுக்கு அதே வேலை பெரிய வேலை. வழி திறந்திருக்கும், வீண் குறையும். மேலதிக வலு வேண்டும்போது டர்போ கைகொடுக்கும். ஃபோர்டின் ஒரு லீற்றர் ஈகோபூஸ்ட் 2012 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த என்ஜின் விருதை வாங்கியது. அந்தக் காலத்து ஐரோப்பியச் சோதனை மிக மென்மையானது. டர்போவை எழுப்பாமலே பெரும்பகுதியை ஓட்டி முடிக்கலாம். மலையேற்றத்தில் டர்போ தூங்க முடியாது. முழுச்சுமையில் சூட்டைத் தணிக்கச் சில என்ஜின்கள் தேவைக்கு மேலும் பெற்றோலைப் பீய்ச்சும். சோதனையில் கிடைத்த மிச்சம் மலையில் அப்படியே கிடைக்காது.

இந்த ஐரோப்பிய என்ஜினுக்கு இலங்கையில் என்ன வேலை? இங்கேதான் கொழும்பின் கோடு வருகிறது. இலங்கையில் கார் மீதான உற்பத்தி வரி சீசீயைப் பார்த்துத்தான் முக்கியமாக விதிக்கப்படுகிறது: 1000, 1300, 1500, 1600 என்று படிகள். ஹைபிரிட்டுக்குத் தனிப்பட்டியல். 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் 1000 சீசீக்குக் குறைந்த கார்களின் வரி இறங்கியது; வாகன் ஆர் வெள்ளம் அதன்பிறகுதான். அடுத்து நடந்ததை எந்த நிதியமைச்சரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். ஹொண்டா சிவிக், அவுடி ஏ3 போன்ற வசதியான கார்களும் ஒரு லீற்றர் டர்போவோடு அந்தப் படிக்குக் கீழே வந்து நின்றன. ஐரோப்பா காபனுக்குப் போட்ட கோடும் கொழும்பு வருமானத்துக்குப் போட்ட கோடும் தற்செயலாக ஒரே இடத்தில் சந்தித்தன. ஏழைக்கென்று திறந்த கதவு. கனவான்களும் குனிந்து நுழைந்துகொண்டார்கள்.

என் கருத்தில் சீசீ ஒரு மோசமான அளவுகோல். அது உருளையின் கொள்ளளவைச் சொல்லும், எரியும் பெற்றோலைச் சொல்லாது. 1,496 சீசீ என்ஜின் கொண்ட அக்வா நெரிசலில் பல 1000 சீசீ கார்களைவிடக் குறைவாகக் குடிக்கும். 2018இல் வந்த காபன் வரியும் பேருக்குத்தான் காபன். அதுவும் சீசீ, எரிபொருள் வகை, வண்டியின் வயது ஆகியவற்றையே பார்த்தது. 2019 இறுதியில் அதையும் நீக்கிவிட்டார்கள். ஆனால் சீசீக்கு ஒரு வசதி இருப்பதை மறுக்கமுடியாது: சுங்க அதிகாரி அதை எளிதில் சரிபார்க்கலாம். மின்சாரக் கார்கள் வந்தபோது அந்த வசதியும் போனது. வரி மோட்டாரின் கிலோவோட்டுக்கு மாறியது. 2025இல் 100 கிலோவோட் என்று அறிவித்து வந்த கார்களின் மோட்டார் உண்மையில் 150தானா என்று சுங்கம் கேட்க, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. இரும்பால் ஆன என்ஜினின் கொள்ளளவை மாற்ற உருளையையே மாற்றவேண்டும். மோட்டாரின் உச்சவலுவை மென்பொருளில் ஒரு வரியாலும் கட்டுப்படுத்தலாம்.

தோட்டத்து மனிதரின் உண்மையான வாகனம் காரல்ல, ஆட்டோ. அதற்கு இலங்கை எடுத்த முடிவு இந்தக் கணக்குகளையெல்லாம் ஓரங்கட்டியது. இரட்டை வீச்சு ஆட்டோக்களின் இறக்குமதி 2008இலிருந்து தடை. அவ்வளவுதான். அந்த என்ஜினில் புதுக் கலவை உள்ளே வரும் நேரமும் பழைய புகை வெளியேறும் நேரமும் ஒன்று. பெற்றோலில் கணிசமான பங்கு எரியாமலே புகையோடு போய்விடும். நான்கு வீச்சு என்ஜினில் அந்த ஓட்டை அடிப்படையிலேயே இல்லை. தொழில்நுட்பத்தைச் சட்டம் நேரடியாகத் தேர்வு செய்யக்கூடாது, இலக்கை மட்டும் சொல்லவேண்டும் என்பது பொருளியலாளர்களின் பொதுவான அறிவுரை. இலக்கை அளக்க ஆய்வுகூடம் வேண்டும், தண்டம் விதிக்க அமைப்பு வேண்டும். அவை இல்லாத நாட்டில், ஒரு தொழில்நுட்பம் சந்தேகத்துக்கிடமின்றி மோசமென்றால், தடையே மலிவான வழி. மலைக் காற்றில் நீலப்புகை குறைந்ததை யாரும் ஆய்வுகூடத்தில் அளக்கவேண்டியிருக்கவில்லை.

2022இல் இன்னொரு விதமான எரிபொருள் விதியையும் பார்த்துவிட்டோம். கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. எடை கிடையாது, சீசீ கிடையாது, உருளை மேல் ஓடும் சோதனை கிடையாது. எரியும் லீற்றரே விதி. ஏமாற்ற முடியாத அளவுகோல், ஆனால் ஐந்து லீற்றரில் பிழைக்கவேண்டிய ஆட்டோக்காரரின் வீட்டு அடுப்பை அது கேட்கவில்லை. சம தரையில் ஓடும் கொழும்பு ஆட்டோவுக்கும் ஏறி இறங்கும் கொட்டகலை ஆட்டோவுக்கும் ஒரே ஐந்து லீற்றர்.

மலைக்குப் பொருந்தும் தொழில்நுட்பம் எது என்று கேட்டால், கணக்கு தெளிவாகவே சொல்கிறது: ஏற்றத்தில் செலவானதை இறக்கத்தில் வாங்கிவைக்க இடமுள்ள வண்டி. 2022இல் நிசான் வெளியிட்ட சக்குரா ஒரு கெய் வண்டிதான். சீசீயே இல்லாத வண்டி, ஆனாலும் அதே 3.4 மீற்றர் நீளம், அதே 64 குதிரைவலு. பட்டரி 20 கிலோவோட்-மணி. ஆட்களோடு 1,300 கிலோ என்றால் நுவரெலியாவிலிருந்து கொட்டகலைக்கு இறங்கும் 630 மீற்றரின் மொத்த ஆற்றலும் 2.2 கிலோவோட்-மணி, வழியில் உராய்வுக்கும் காற்றுக்கும் போனது போக மிஞ்சுவது அதிலும் குறைவு. பட்டரிக்குள் தாராளமாக அடங்கும். மலையை நினைத்து யாரும் அதை 20 ஆக்கவில்லை. ஒரு நாள் ஓட்டத்துக்குத் தேவை என்று வைத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நுவரெலியாவில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கினால், நிறைந்த பட்டரி எதையும் ஏற்காது. பழையபடி பிரேக்தான் கருகும். மேலேயிருந்து புறப்படுகிறவர் தொண்ணூறு சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொள்வது நல்லது.